இன்னும் நான்கு தோல்விகள் பாக்கி

செய்கு முகம்மது செய்த ஒரே குற்றம், சொன்ன தேதிக்கு முன்பே ஏவுகணையைச் செய்து முடித்ததுதான்.

ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சாலையில் அவருக்கு ஒரு ஃபைபர் கிளாஸ் பட்டறை இருந்தது. லைசென்ஸ் கஃபீலான அரபி ஸ்பான்சர் பெயரில், தலைவலி இவர் பெயரில். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, பள்ளிவாசல் மினாராவின் உச்சிக் கூம்பு, ரவுண்டானா நடுவில் வைக்கும் ஆளுயரக் காபிக் கூஜா என்று எதைக் கேட்டாலும் அச்சு எடுத்துச் செய்து கொடுப்பார். அப்படிப்பட்டவரிடம் 2006ஆம் வருஷம் ஒரு நாள் ஏவுகணை கேட்டார்கள். எவ்வளவு நீளம், என்ன கலர், லாரியில் ஏறுமா என்பதைத் தவிர அவர் வேறு எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வந்து கேட்டவர்கள் ‘நெடுந்தூர வான்காப்பு ஏவுகணை வரலாற்று மையம்’ என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள். அந்த மையம் பிறந்த கதை சின்னது. ஊரில் பெரிய புள்ளி ஒருவர் வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றில் பழைய ஏவுகணை ஒன்றைப் பார்த்து, “நம்ம ஊரிலும் இப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அன்று சாயங்காலமே அவர் அதை மறந்திருப்பார். அவர் மறந்துபோனதை நாற்பது பேர் மூன்று மாடிக் கட்டடத்தில் ஏசி போட்டு உட்கார்ந்து நினைவில் வைத்திருந்தார்கள். அதுதான் மையம்.

அவர் பார்த்த ஏவுகணை ஐம்பதுகளில் பிறந்த ரகம். உலகப் போர் முடிந்த கையோடு, பீரங்கிக் குண்டு எட்டாத உயரத்தில் குண்டுவீச்சு விமானங்கள் பறக்க ஆரம்பித்துவிட்டன. தரையிலிருந்து கிளம்பி நூறு மைல் தள்ளிப் போய் அவற்றை அடிக்கிற ஏவுகணை வேண்டும் என்று பெரிய நாடுகளெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டன. செய்ததில் பாதி வெடித்தது, மீதி வழி தவறியது. எல்லாம் சரியாகி, ஏவுகணை இனிமேல் குறி தவறாது என்று ஆனபோது, எதிரி விமானத்தை நம்புவதை விட்டுவிட்டு ராக்கெட்டில் குண்டு அனுப்பக் கற்றிருந்தான். அடிக்கக் கற்றுக்கொண்டபோது அடிபட வேண்டியது வருவதை நிறுத்திவிட்டது. இதைவிடப் பொருத்தமான விஷயம் ஒரு அலுவலகத்துக்குக் கிடைக்குமா?

செய்கு முகம்மது தண்ணீர்த் தொட்டி அச்சுகளை வரிசையாக ஒட்டி உடலைச் செய்தார். மினாராக் கூம்பை மூக்காக வைத்தார். பூங்காவில் நிறுத்தும் காளான் குடைக்கு வைத்திருந்த தகடுகளை வெட்டி இறக்கை ஆக்கினார். வெள்ளைச் சாயம் அடித்து, மூன்றே வாரத்தில் ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் மையத்தின் வாசலில் இறக்கினார். பார்க்க நன்றாகவே இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் தொழுகைக்கு அழைக்கும்போல இருந்தது என்பது உண்மைதான், ஆனால் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

மையத்தின் டைரக்டர் டாக்டர் கலீலுர் ரஹ்மான் வாணியம்பாடிக்காரர். கோழித் தீவனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பறக்கிறவை சம்பந்தப்பட்ட படிப்பு என்பதால் இந்த வேலை கிடைத்தது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தவர், ஏவுகணையைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“என்ன பாய், முடிச்சிட்டீங்களா?”

“ஆமா சார். ஒரு வாரம் முன்னாலேயே முடிஞ்சிடுச்சு.”

“என்ன காரியம் பண்ணிட்டீங்க! நாம இன்னும் தோல்வியே அடையலையே!”

செய்கு முகம்மதுவுக்கு ஒன்றும் புரியவில்லை. டைரக்டர் அவரை நிழலுக்கு அழைத்துப் போய், குரலைத் தாழ்த்தி விளக்கினார்.

“பொருளைப் பார்த்து அதே மாதிரி செய்யறது பொம்மைக்காரன் வேலை பாய். அதை உருவாக்கப் பட்ட கஷ்டத்தை அப்படியே மாதிரி செய்யறதுதான் வரலாறு. ஒரிஜினல் மிஸ்ஸைல் பதினோரு வருஷம் எடுத்துச்சு. ஏழு தடவை தோத்துச்சு. எட்டாவது தடவைதான் குறியில பட்டுச்சு. நீங்க மூணு வாரத்துல கொண்டாந்து இறக்கினா அந்த ஏழு தோல்விக்கு நான் எங்க போவேன்? தோல்விக்குன்னே தனியா ஒரு டிபார்ட்மெண்ட் போட்டிருக்கேன். பன்னிரண்டு பேர் வேலை பார்க்கறாங்க. அவங்க பொண்டாட்டி பிள்ளைக்கு யார் பதில் சொல்றது?”

ஏவுகணையைப் பின்பக்க ஷெட்டில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். வாசலில் ஒரு காவலாளி. உள்ளே இருப்பது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதால் யாரும் அதைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. செய்தவருக்கும் அதுவே சட்டம்.

ட்ரெய்லர்காரனைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டுக் கிளம்பலாம் என்று திரும்பினார் செய்கு முகம்மது. எதிரே பாதுகாப்பு அதிகாரி ஹஸ்னைன் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஹைதராபாத்காரர், கனிவான மனிதர், கனிவாகவே கேட்டார்.

“பாஸ்போர்ட் தே தோ, செய்கு பாய்.”

“என் பாஸ்போர்ட் எதுக்கு பாய்?”

“ஆப் அப் ஸயின்டிஸ்ட் ஹை,” என்றார் ஹஸ்னைன். நீங்கள் இப்போது விஞ்ஞானி. ஒரிஜினல் ஏவுகணையைச் செய்த விஞ்ஞானிகளை ரகசியம் வெளியே போகாமல் நாட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஆகவே இவரையும் வைத்திருக்க வேண்டும். ஏழு தோல்வி, ஒரு வெற்றி. அதன் பிறகு பாஸ்போர்ட் பத்திரமாகத் திரும்பி வரும் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார் ஹஸ்னைன்.

வேறு சமயமாக இருந்தால் செய்கு முகம்மது இதைச் சிரித்துத் தள்ளியிருப்பார். ஆனால் காயல்பட்டினத்தில், நோன்பு முடிந்து வரும் ஷவ்வால் பிறையில் அவர் மகள் ஹிஃப்ஸாவுக்கு நிக்காஹ். கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய வாப்பா இவர். நோன்பு பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் இவர்தான். துபாய், சிங்கப்பூர், ஹாங்காங் என்று எத்தனையோ நல்ல வரன்கள் வந்தன. எல்லாவற்றையும் வேண்டாம் என்றார். கடலைத் தாண்டாத மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் கிடைத்தவர் சுஐபு. தூத்துக்குடியில் ரெடிமேட் கடை. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே வந்து தங்குவார், காலையில் பஸ்ஸில் கடைக்குப் போய் ராத்திரி திரும்பிவிடுவார். செய்கு முகம்மதுவுக்கு அது போதும். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவரும் ஜன்னத்துல் ஃபிர்தௌஸும் சேர்ந்திருந்த நாட்களை எல்லாம் ஒட்டினாலும் ஒரு பிள்ளை பிறந்து நடை பழகும் காலம் தேறாது. ஹிஃப்ஸா நடை பழகியதையும் அவர் போனில்தான் கேட்டார். தன் பெண்டாட்டி போனோடு குடும்பம் நடத்தியது போதும், மகளாவது புருஷனோடு நடத்தட்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

“ஏங்க, பந்தக்காரன் வந்து அளவெடுத்துட்டுப் போயிட்டான். நீங்க எப்ப வாரிய?” என்று வெள்ளிக்கிழமைதோறும் போனில் கேட்டாள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்.

“ஏழு தோல்வி முடிஞ்ச உடனே வந்துடுறேன்.”

“யாவாரத்துல நட்டமா?”

“நட்டமில்ல புள்ள. தோல்வி. அது வேற.”

இனி செய்யக்கூடியது ஒன்றுதான் என்று செய்கு முகம்மது தெளிந்தார். சீக்கிரம் சீக்கிரமாகத் தோற்றுவிட வேண்டும். தினம் ஒன்று என்று தோற்றால்கூட நோன்புக்கு முன் முடிந்துவிடும். இயந்திரமே இல்லாத ஏவுகணைக்குத் தோற்பது என்ன பெரிய காரியம்?

அலுவலகத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

முதல் சோதனைக்குத் தேதி குறிக்கவே மூன்று கமிட்டி உட்கார்ந்தது. வீசும் காற்று ஐம்பதுகளின் காற்றுக்குச் சமமா என்று ஒரு கமிட்டி விசாரித்தது. ஒரு வழியாக ஒரு காலை நேரம் பாலைவெளியில் ஷாமியானா போட்டு, சோபா வரிசை வைத்து, பேரீச்சம்பழம் பரிமாறி, ஏவுகணையைச் சாய்வாக நிறுத்தினார்கள். அரபியில், ஆங்கிலத்தில், உருதுவில் என்று பத்திலிருந்து இறங்கி எண்ணினார்கள். சுழி வந்தது. ஏவுகணை இருந்த இடத்திலேயே இருந்தது.

செய்கு முகம்மது மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். “தோத்தாச்சு சார்! முதல் தோல்வி!”

தோல்விப் பிரிவின் தலைவர் கையை உயர்த்தி ஆட்சேபித்தார். ஒரிஜினல் இப்படித் தோற்கவில்லை. அது கிளம்பி, கொஞ்ச தூரம் போய், மணலில் மூக்கைக் குத்திக்கொண்டது. சும்மா நிற்பது தோல்வி ஆகாது, அலட்சியம். ஆக இது தோல்வியடைவதில் அடைந்த தோல்வி, கணக்கில் சேராது.

பிறகு சோமாலி டிரைவர் ஒருவரின் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்து, ஏவுகணையை மணலில் குப்புறத் தள்ளி முதல் தோல்வியைச் சாதித்தார்கள். மூக்கு ஒடிந்தது. அன்று மதியம் மையத்தில் விழா. மட்டன் பிரியாணி. செய்கு முகம்மதுவுக்குப் பொன்னாடை போர்த்தினார் டைரக்டர்.

“நண்பர்களே,” என்று மைக்கைப் பிடித்தார். “வெளியில இருக்கிறவங்க கேட்கறாங்க, உங்க மையம் இத்தனை நாளா என்ன பண்ணுச்சுன்னு. இன்னைக்கு நான் மார்தட்டிச் சொல்வேன், நாம தோத்திருக்கோம்! முறையா, எல்லாக் கையெழுத்தும் வாங்கி, பட்ஜெட்டுக்கு மேலேயே செலவு பண்ணித் தோத்திருக்கோம். ஜெயிக்கறது யாருக்கும் வரும். ஒரு தனி மனுஷன் தனியா ஜெயிச்சிடலாம். ஆனா இவ்வளவு சுத்தமா தோக்கறதுக்கு ஒரு நிர்வாகம் வேணும்!”

கைதட்டல் நிற்க வெகு நேரம் ஆனது. பொன்னாடைக்குள் வியர்த்து ஊற்ற, செய்கு முகம்மது பட்டறைக்குப் போய்ப் புது மூக்கு ஒட்டினார்.

இரண்டாவது சோதனையின்போதுதான் அவருக்கு சீதாராமனின் சிநேகம் கிடைத்தது. ஏவுகணை என்றால் இலக்கு ஒன்று வேண்டும் அல்லவா? அதற்காக மையத்தில் இலக்குப் பிரிவு ஒன்று இருந்தது. விமான மாதிரி ஒன்று செய்வதற்கான டெண்டர் நாலு வருஷமாக இழுபறியில் கிடந்தது. விமானம் வந்து சேரும்வரை அந்தப் பிரிவின் தலைவரே தற்காலிக இலக்காக இருப்பார் என்று முடிவானது. ஆகவே மயிலாப்பூர் சீதாராமன், அக்கவுண்ட்ஸ் பார்க்க வந்தவர், சோதனை நாட்களில் மொட்டைமாடியில் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார்.

“பயமா இல்லையா சார்?” என்று கேட்டார் செய்கு முகம்மது.

“எதுக்கு பயம்? இதுவரைக்கும் ஒண்ணும் பட்டதில்லையே,” என்றார் சீதாராமன். “இந்த பில்டிங்லயே பத்திரமான சீட் என்னோடதுதான் பாய். மத்த டிபார்ட்மெண்ட்ல ஆளைக் குறைப்பான். இலக்கை யாரும் குறைக்க மாட்டான். என்ன, வெயில்தான். என் ஆத்துக்காரி பத்மா தினமும் மோர் கொடுத்து அனுப்பறா. இன்னும் பத்து நாள். அறுபது முடிஞ்சதும் நான் மெட்ராஸுக்குக் கிளம்பிடுவேன்.”

இரண்டாவது தோல்வி சுலபமாக முடிந்தது. ஏவுகணை வலது பக்கம் போக வேண்டிய நேரத்தில் பிக்கப்பின் டயர் பஞ்சராகி இடது பக்கம் போனது. வரலாற்றோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று கமிட்டியே கண்கலங்கியது. ஆனால் இரண்டு தோல்விக்குள் நோன்பு பாதி கழிந்துவிட்டது.

செய்கு முகம்மது டைரக்டரிடம் போய் நின்றார்.

“சார், எனக்கு லீவு வேணும். மகளுக்கு நிக்காஹ்.”

“ஒரிஜினல் புராஜெக்ட்ல சீஃப் இன்ஜினியர் நாலு வருஷம் வீட்டுக்கே போகலை பாய். அவர் பொண்டாட்டி விவாகரத்து வாங்கிட்டா. அந்த அளவுக்கு நான் உங்ககிட்ட கேட்கலை.”

“வாப்பா இல்லாம எப்படி சார் நிக்காஹ் நடக்கும்?”

டைரக்டர் யோசித்தார். மனிதர் இரக்கம் இல்லாதவர் இல்லை. முகம் மலர்ந்தது. “நாம எல்லாரும் மாதிரி செய்யற தொழில்ல இருக்கோம். உங்க அளவுக்கு ஒண்ணு ஃபைபர்ல செஞ்சு அனுப்பிடுங்களேன்? வலது கையை மட்டும் நீட்டின மாதிரி வச்சிட்டா மாப்பிள்ளை பிடிச்சுக்கலாம். கார்கோ செலவை மையம் ஏத்துக்கும்.”

செய்கு முகம்மதுவின் மௌனத்தைச் சம்மதமில்லை என்று சரியாகவே புரிந்துகொண்ட டைரக்டர், சரி, லீவைப் பரிசீலிக்கலாம், அதற்கு முன் கல்யாணத்தால் ஏவுகணை ரகசியம் கசியாது என்று பாதுகாப்புப் பிரிவு சான்று தரட்டும் என்றார். ஹஸ்னைன் அதையும் கனிவாகவே விசாரித்தார்.

“துல்ஹா கோன் ஹை பாய்?”

மாப்பிள்ளை யார் என்று கேட்டவரிடம் செய்கு முகம்மது எல்லாவற்றையும் சொன்னார். பெயர் சுஐபு. தூத்துக்குடியில் துணிக்கடை. வயது, படிப்பு, போன் நம்பர். கெட்ட பழக்கம் இல்லை. எதிரி நாட்டோடு தொடர்பு இல்லை, பக்கத்துத் தெருவோடுகூட அவ்வளவாக இல்லை. ஹஸ்னைன் தூத்துக்குடிக்கே நாலைந்து தடவை போன் போட்டு மாப்பிள்ளையிடம் பேசிப் பார்த்தார். மிக நல்ல பையன், முழு நம்பிக்கைக்கு உரியவர் என்று சான்று வந்தது. மாமனாரின் லீவு மட்டும் வரவில்லை.

மூன்றாவது சோதனையில் ஒரு விபரீதம் நடந்தது. ஏவுகணை கிளம்பிய பின் பின்பக்கமாகத் திரும்பி வர வேண்டும் என்பது வரலாறு. கயிற்றை மாற்றிக் கட்டியதில் ஏவுகணை அறுத்துக்கொண்டு சரிவில் உருண்டு, சாலையோரம் இருந்த மலையாளி கஃபேடேரியாவின் தகரச் சுவரில் போய் மோதியது. யாருக்கும் காயமில்லை. நோன்பு திறப்பதற்காகப் போட்டு வைத்திருந்த இரண்டு தட்டு சமோசா மட்டும் மண்ணில் கொட்டியது.

மையமே கிடுகிடுத்துப் போனது. ஏவுகணை ஒரு பொருளின் மேல் பட்டுவிட்டது! பட வேண்டியது எட்டாவது சோதனையில். மூன்றாவதிலேயே பட்டால் நடுவில் இருக்கும் தோல்விகளை நம்பி வேலைக்குச் சேர்ந்தவர்களின் கதி என்ன? அவசரக் கூட்டம் போட்டு, கஃபேடேரியா இலக்கே இல்லை, அது நகரவில்லை, பறக்கவில்லை, அதனிடம் டிரேட் லைசென்ஸ் இருக்கிறது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். மோதலை ‘சுவர் ஏவுகணையின் மேல் பட்டது’ என்று பதிவு செய்து, மூன்றாவது தோல்வியாகச் சேர்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் கேட்ட நஷ்ட ஈட்டுக்கு ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள்.

அந்த வாரமே சீதாராமனுக்கு அறுபது முடிந்தது. கொடியை மடித்துக் கொடுத்துவிட்டு, பத்மாவோடு மெட்ராஸுக்குப் போய்விட்டார். இலக்குப் பிரிவு காலியானது. இலக்கு இல்லாவிட்டால் ஏவுகணைக்கு வேலை இல்லை, ஒரிஜினலைப் போலவே திட்டத்தைக் கைவிட்டுவிடுவார்கள் என்று செய்கு முகம்மதுவுக்கு உயிர் வந்தது. வழியனுப்பு விழாவில் டைரக்டர் பேசிய பேச்சு அந்த உயிரைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

“சில பேர் கேட்கறாங்க, இலக்கு இல்லாம எப்படின்னு. நான் கேட்கறேன், இலக்கு வச்சுக்கிட்டு யார் இதுவரைக்கும் சந்தோஷமா இருந்திருக்காங்க? இலக்கு இருந்தா தவறிடுமோன்னு பயம். தவறினா விசாரணை. பட்டுட்டா அதோட வேலை முடிஞ்சுது, ஆபீஸை மூடணும். இலக்கே இல்லேன்னா மிஸ்ஸைலால தவறவே முடியாது! இருந்தாலும் கவர்மெண்ட் மாதிரி நாமும் ஒரு போஸ்ட்டைக் காலியா விடக் கூடாது. ஆள் பார்த்துக்கிட்டிருக்கோம். செக்யூரிட்டி சான்று இருக்கிற நம்பிக்கையான ஆள் கிடைக்கறதுதான் கஷ்டம்.”

பிறைக்கு இன்னும் பத்து நாள் இருந்தபோது ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் போனில் அழுதாள். “ஊரெல்லாம் கேக்குறாஹ. வாப்பா வரல்லன்னா பெரியப்பாவை வச்சு முடிச்சிடலாம்னு பேசுறாஹ. புள்ள ஒண்ணும் பேச மாட்டேங்குறா. சாப்பிடவும் மாட்டேங்குறா.”

மறுநாள் நாலாவது தோல்விக்கான பயிற்சி வகுப்பு. டைரக்டர் திரையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். பெரிய ஏவுகணையைத் தரையிலிருந்து கிளப்பும் அளவுக்கு அதன் சொந்த இயந்திரத்துக்குச் சக்தி கிடையாது. அதற்காக அடியில் பூஸ்டர் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அது தன்னிடம் இருக்கும் முழு பலத்தையும் முதல் சில நொடிகளில் கொடுத்துவிடும். கொடுத்து முடித்ததும் கழன்று கீழே விழுந்துவிடும். ஏவுகணை மேலே போகும். விழுந்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பின்வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த செய்கு முகம்மதுவுக்குச் சட்டென்று விழிப்பு வந்தது. அந்தப் பூஸ்டரை அவருக்கு நன்றாகத் தெரியும் போலிருந்தது. கையைத் தூக்கினார்.

“சார், நம்ம மிஸ்ஸைல்ல பூஸ்டர் எது?”

டைரக்டர் திகைத்தார். “அதுக்குத் தனியா கமிட்டி இன்னும் போடலையே…”

“நான்தான் சார் பூஸ்டர். தரையிலேர்ந்து கிளப்பினது நான். என்கிட்ட இருந்த பலத்தை எல்லாம் முதல் மூணு வாரத்துலேயே கொடுத்துட்டேன். இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்லை. வரலாற்றுப்படி நான் எப்பவோ கழன்று விழுந்திருக்கணும். இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கிறது தப்பு. பின்னால வர்றவங்க கேள்வி கேட்பாங்க.”

தோல்விப் பிரிவின் தலைவர் எழுந்து நின்றார். “சார், இவர் சொல்றது நியாயம். பூஸ்டர் கழன்று விழுந்த பிறகுதான் ஒரிஜினல்ல நாலாவது தோல்வியே நடந்துச்சு.”

டைரக்டர் முகம் வெளிறியது. வரலாற்றுப் பிழை ஒன்று தன் கண்முன்னாலேயே ஒரு மாதத்துக்கு மேலாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது! உடனே கமிட்டி போட்டார். லீவுக்கு மனுப்போட்டபோது ஆமையாக நகர்ந்த மையம், தவறைத் திருத்துவதற்குக் குதிரையாக ஓடியது. கடைசியில் ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம்.

“பூஸ்டர் ஜன நடமாட்டம் இல்லாத இடத்துலதான் விழணும். நீங்க எங்க விழறீங்க?”

“காயல்பட்டினம் சார். கடற்கரை ஊர்.”

“ஜனங்க இருப்பாங்களே?”

“ஆம்பளைங்க முக்கால்வாசி வெளிநாட்டுலதான் சார் இருக்காங்க.”

அனுமதி கிடைத்தது. ஹஸ்னைன் பாஸ்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். “கலாஸ், செய்கு பாய். கிர் ஜாவ்,” என்றார். முடிந்தது, போய் விழுங்கள் என்று அர்த்தம். கட்டித் தழுவியும் கொண்டார்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் எழும்பியிருந்தது. ஹிஃப்ஸா ஓடிவந்து “வாப்பா” என்று கையைப் பிடித்தவள் விடவே இல்லை. செய்கு முகம்மதுவும் கையை விடுவிக்கப் பார்க்கவில்லை. ஜென்மத்தில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருக்கிறேன் என்று அன்று அவர் உண்மையாகவே நினைத்தார்.

நிக்காஹ் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. மாப்பிள்ளையின் கையைத் தன் ஃபைபர் தூசி படிந்த கையால் பிடித்துக் கொடுத்தார், அசல் கையால். பிறகு சாப்பாடு. ஊர் வழக்கப்படி ஒரே சஹன் தட்டைச் சுற்றி மாமனாரும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். சுஐபு களரிக் கறியை மாமனார் பக்கம் தள்ளி வைத்தார். சொல்ல ஏதோ இருப்பவர் போலச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

“மாமா, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். நிக்காஹ் முடியிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு டைரக்டர் சார் கண்டிஷன் போட்டாஹ.”

“எந்த டைரக்டர்?”

“உங்க டைரக்டர்தான். ஹஸ்னைன் பாய் என்கிட்ட போன்ல பேசிப் பார்த்ததுல அவஹளுக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். எனக்கு விசா வந்தாச்சு மாமா. ராஸ் அல் கைமா. அடுத்த மாசம் பயணம்.”

செய்கு முகம்மதுவின் கை சோற்றிலேயே நின்றது. “கடை?”

“தம்பிகிட்ட கொடுத்துட்டேன். எத்தனை நாளைக்கு மாமா ஜட்டி பனியன் வித்துக்கிட்டு இருக்கிறது? இது மிஸ்ஸைல் வேலை. இலக்குப் பிரிவாம். பெர்மனென்ட் போஸ்ட். ஆளைக் குறைக்கவே மாட்டாஹளாம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வேலை ரொம்பக் கஷ்டமா மாமா?”

செய்கு முகம்மது அவரைப் பார்த்தார். நல்ல பையன். உள்ளறையிலிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் ஹிஃப்ஸாவின் சிரிப்பு எது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தச் சிரிப்பை அவர் அதிகம் கேட்டதில்லை.

“கஷ்டமில்ல மாப்பிள்ளை. மாடியில கொடி பிடிச்சிக்கிட்டு நிக்கணும். தொப்பி ஒண்ணு வாங்கிக்கோங்க.”

சட்டைப்பையில் இருந்த செல்போன் அடித்தது. கையைத் துணியில் துடைத்துவிட்டு எடுத்தார். டாக்டர் கலீலுர் ரஹ்மான்.

“முபாரக் பாய்! நிக்காஹ் நல்லபடியா முடிஞ்சுதா? ஃபைல்ல குறிச்சுக்கணும், பூஸ்டர் சொன்ன இடத்துல விழுந்துச்சா?”

“பூஸ்டர் மட்டுமில்ல சார்,” என்றார் செய்கு முகம்மது. “அங்கேர்ந்து கிளம்பின உங்க மிஸ்ஸைலும் இங்கதான் வந்து விழுந்திருக்கு. கடலைத் தாண்டி, நேரா என் வீட்டு மேல. குறி தப்பலை.”

டைரக்டரின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

“பட்டுடுச்சா? ஐயோ, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க பாய்! இன்னும் நாலு தோல்வி பாக்கி இருக்கு.”